நான்கு மூலையிலும் மஞ்சள்

என் அப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் எது என்று கேட்டால், இன்னும் நிரப்பாத விண்ணப்பம் என்றுதான் சொல்வேன். ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீஸில் வேலை. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டியபின் திரும்புவார். ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருக்காரர்களுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை வாய்விட்டு வாசிப்பார். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அதற்குப் பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். அவர் நிரப்பிய விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே, ப்ளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் முடிந்து இஞ்சினியரிங் விண்ணப்பம் வீட்டுக்கு வந்தபோது, அதை யார் நிரப்புவது என்ற கேள்வியே எழவில்லை. படிக்கப்போவது நான். நிரப்பப்போவது அவர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இப்போதுபோல நேரில் போய் உட்கார்ந்து இடம் பார்த்து எடுக்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. இருக்கிற கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண், ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண். எது முதலில் வேண்டும், அது இல்லாவிட்டால் எது என்று மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்திலுள்ள வட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வரும். நம் மார்க்குக்கு எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அது எழுதாததற்குச் சமம்.

என் மார்க்குக்கு மெட்ராஸ் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தார். உள்ளூர்க் கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். ஆகவே முதல் வரியில் எந்த எண் விழுகிறதோ அங்கேதான் நான். கணக்கு அவ்வளவு சுலபம்.

எனக்கு மெட்ராஸ் வேண்டும். ஆசை என்று சொல்வதைவிட பயம் என்று சொல்வதே சரி. அப்பாவின் அக்கா, தச்சநல்லூர் அத்தை, அவள் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். அதுதான் சங்கடமே. குடிக்கிறவர், முரடர் என்றால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். "பிள்ள படிக்கட்டும், யாரு வேண்டாம்னா? படிச்சிக்கிட்டே கல்யாணத்த வச்சிக்கிடலாம்" என்பாள் அத்தை. கேட்கிறவர்களுக்கு அது தாராள மனசாகத்தான் தெரியும்.

ஆனால் பெரியப்பா மகளுக்கு அப்படித்தான் நடந்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம். 'படிச்சிக்கிட்டே இருக்கட்டும்' என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் கடைசிப் பரீட்சை எழுதிய வாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் அவள் மகனுக்குப் பெயர் வைத்தார்கள். நானும் அம்மாவும் போயிருந்தோம். அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கொஸ்டின் பேப்பர் யாருகிட்டயாவது கெடச்சா வாங்கிட்டு வாளா. சும்மா பாக்கதுக்குத்தான்" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால் அந்தக் குரலில் பேசப்போகிற அடுத்த ஆள் நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பம் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். தாள் பறக்கக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டார். மே மாதப் புழுக்கத்தில் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்பா வாசிக்கத் தொடங்கினார். மடிக்கக்கூடாது. குண்டூசி குத்தக்கூடாது. ஈரம் படக்கூடாது. ஓரத்திலுள்ள கறுப்புக் கோடுகள்மேல் கறையோ வேறு அடையாளமோ பட்டால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அம்மா எழுந்து பக்கத்தில் வந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் வாழைப்பூக் கறை.

"ஏளா, நீ கிட்ட வராத. கறை பட்டுச்சுன்னா அத்தனை காலேஜும் போயிரும். இருக்கது ஒரே ஃபாரம்" என்றார் அப்பா.

அம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விண்ணப்பத்தையும் முதலில் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலில் நிரப்பிப் பார்த்த பிறகுதான் அசலில் கை வைப்பார். நகலில் அவர் எழுதிய முதல் எண்ணை எட்டிப் பார்த்தேன்.

"அப்பா, இது நம்ம ஊரு நம்பர்லா?"

"ஆமா. முதல்ல நம்ம ஊரு. அதுல இருக்க பாடத்தையெல்லாம் வரிசையாப் போட்டிருதேன். அதுக்குக் கீழ மதுரை. மெட்ராஸ் கடைசில."

"கடைசில போட்டா யாரு பாப்பாங்க? போடாமலே விட்டுரலாமே."

"காலியா விடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "எனக்கு மெட்ராஸ்தாம்ப்பா வேணும். மார்க் இருக்கு. கெடைக்கும்."

"பஸ்ஸுல போ, பஸ்ஸுல வா. பொம்பளப்பிள்ளய அங்கன ஹாஸ்டல்ல விட்டுட்டு நாங்க இங்கன வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்க முடியாது."

"அத்தைக்கு வாக்குக் குடுத்திட்டீங்களா?"

அப்பா பென்சிலைச் சீவத் தொடங்கினார். ஏற்கெனவே ஊசியாக இருந்த பென்சில் அது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இருக்கிற மரியாதை போய்விடும். அப்பாவும் விடவில்லை. என் சத்தம் தெருவுக்குக் கேட்டது, அவர் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. கடைசியில் அவர் அசலை நிரப்பி முடித்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் எந்தக் கல்லூரியும் இல்லை, அடுத்த முகூர்த்தத்திலேயே தச்சநல்லூர். அந்தக் கையெழுத்துக்குக் கீழே அப்பா தன்னுடையதைப் போட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, 'பிள்ள ஆசைப்படுதால்லா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாழைப்பூவை ஆய்ந்து முடித்து, மோரில் போட்டு, எழுந்து போய்விட்டாள். அப்பாமேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் எனக்கு அதிகக் கோபம்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலைல நானே ஜங்ஷன் ஸ்டேஷன் ஆர்.எம்.எஸ்.ல ரிஜிஸ்டர் தபால் பண்ணிட்டு அப்படியே ஆபீஸ் போயிருதேன்" என்றார் அப்பா. ஆர்.எம்.எஸ். என்பது ரயிலடித் தபால் ஆபீஸ். காலையில் சீக்கிரமே திறந்துவிடும், சாயங்காலம் மெட்ராஸ் வண்டி வரும்வரை தபால் வாங்குவார்கள். "சாமி முன்னால வை. கையத் தொடச்சிக்கிட்டு எடு" என்று விண்ணப்பத்தை அம்மாவிடம் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அத்தை வந்துவிட்டாள். பிச்சிப்பூவும் தேங்காய் பழமும் கொண்டு வந்திருந்தாள். விண்ணப்பத்தை வழியனுப்ப வந்தவள்போல நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாமி அறைக்குள் போனார்.

"ஏளா!"

அந்தச் சத்தத்தில் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தாம்பாளத்தில் விண்ணப்பம் இருந்தது. அதன் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறமாதிரி கட்டைவிரலால் அழுத்தி வைத்திருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. தாள் உப்பி, மஞ்சள் ஊறி, ஓரத்துக் கறுப்புக் கோடுகளில் பாதியைக் காணவில்லை.

எங்கள் வீடுகளில் புதுச் சேலைக்கும் மஞ்சள்தான், புதுக் கணக்குக்கும் மஞ்சள்தான். நல்ல காரியத்துக்கு வீட்டைவிட்டுப் போகிற எந்தக் காகிதமும் மஞ்சள் இல்லாமல் போகாது. ஆகவே அம்மா ஏன் வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை.

"என்ன காரியம் செஞ்சிருக்க!" என்றார் அப்பா.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். "நல்ல காரியத்துக்குப் போற காயிதம்லா. மஞ்சள் வைக்காம எப்படி அனுப்ப?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "என்ன தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவளப் போட்டு அதட்டுத? மங்கலமா மஞ்சள் வச்சிருக்கா. அதப் பாத்து மொகஞ்சுளிக்கலாமா? நம்ம வீட்டுக்கு வரப்போற பிள்ளைக்கு நல்லதுதான செஞ்சிருக்கா."

அப்பா ரப்பரை எடுத்து ஒரு மூலையைத் தேய்த்தார். மஞ்சள் இழுபட்டு, இரண்டு வட்டங்களின் கறுப்பும் சேர்ந்து அழிந்தது. துணியால் ஒற்றினார். தாள் நூல் நூலாக எழும்பியது. "இப்படியே அனுப்பிருவோமா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, "சேச்சே" என்று தானே பதிலும் சொன்னார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளூர்க் கல்லூரி வேண்டாம் என்று நேற்று அவ்வளவு கத்தினேனே, இப்போது எந்தக் கல்லூரியும் இல்லை.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஆபீஸில் அன்றைக்கு ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து உட்கார்ந்து ஊர்க் கணக்குகளை எல்லாம் சரிபார்க்கும் நாள். வீட்டில் இழவு விழுந்தால்கூட லீவு கிடைக்காது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் கடைசி.

"ரெண்டு பேரும் போயி வேற ஃபாரம் வாங்குங்க. இந்தா ஜெராக்ஸ். இதப் பாத்து அப்படியே எழுது. ஒரு புள்ளி மாறக்கூடாது. சாயங்காலம் மெட்ராஸ் வண்டிக்கு முன்னால ஆர்.எம்.எஸ்.ல போட்டாத்தான் திங்கக்கிழமை போய்ச் சேரும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து அம்மாவிடம், "நீ அதத் தொடாத" என்றார்.

பஸ் ஆற்றுப் பாலம் தாண்டியபோது, "எதுலதான் மஞ்சள் வைக்கதுன்னு ஒனக்கு ஒரு இது கெடையாதா? அவ்வளவு தூரம் வாசிச்சாங்கல்லா" என்றேன். அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணலுக்கு நடுவில் ஒரு ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் வரிசை கேட்டுக்கு வெளியே வந்து சாலை ஓரமாக வளைந்து நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னால் யாரோ, "ஃபாரம் கட்டு தீரப்போகுதாம்" என்றார்கள். வரிசை கலைந்தது, தள்ளுமுள்ளு. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் அவள் கை எப்படிச் சில்லிட்டது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாமியைக் கூப்பிடுகிறாள், செய்ததையும் செய்துவிட்டு இப்போது கூப்பிடுகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் நாங்கள் போனபோது உள்ளே இருந்தவர் எழுந்து போய்விட்டார். மேஜை காலியாகக் கிடந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். வெளியாட்களிடம் அவள் சத்தமாகப் பேசி நான் பார்த்ததே கிடையாது. உள்ளேயிருந்து அவர் இன்னொரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பிரித்து, ஒன்றை உருவி நீட்டினார். அம்மா அதைத் தொடவில்லை. "நீ வாங்கு" என்றாள் என்னிடம்.

திரும்பும்போது பஸ் ஈரடுக்குப் பாலத்தடியில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தபால் ஆபீஸுக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. பரீட்சை அட்டையை மடியில் வைத்து, அதன்மேல் விண்ணப்பத்தை வைத்தேன். காற்று அடித்தது. அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். இன்னொருமுறை துடைத்தாள். பிறகு தாளின் மேல்மூலைகள் இரண்டையும் ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பெயர், முகவரி, தேர்வு எண், மார்க் எல்லாம் எழுதி வட்டங்களைக் கறுப்பாக்கினேன். கல்லூரி வரிசை வந்தது. ஜெராக்ஸைப் பார்த்து முதல் எண்ணை எழுதப் பென்சிலை வைத்தேன்.

"அதப் பாத்து ஏன் எழுதுத?" என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா ஜெராக்ஸை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒனக்கு எது வேணுமோ அத மொதல்ல எழுது."

"அப்பா…"

"அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ எழுது. வண்டி வந்துரும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. "அம்மா, மஞ்சள்…"

"கறை பட்டா எடுக்கமாட்டாங்கன்னு அவுக வாசிச்சாகல்லா. எனக்கும் கேட்டுது." தாளின் மூலையிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள். "வாயால சொன்னா நடக்குமா? நேத்து நீ அவ்வளவு கத்துன. என்ன நடந்துது?"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. "கட்டு தீந்து போயிருந்தா என்னம்மா செஞ்சிருப்ப? ஒண்ணுமே இல்லாமப் போயிருக்குமே!"

"தீந்திருந்தா நீ ஆயுசுக்கும் என்னையத் திட்டிக்கிட்டே இருந்திருப்ப" என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அவ கொஸ்டின் பேப்பர் கேட்டாளே, சும்மா பாக்கதுக்குன்னு. பச்சப்பிள்ளய மடியில வச்சிக்கிட்டு நான் அதக் கேட்டேன். ஒன் வாயால நான் அதக் கேக்க மாட்டேன். எழுது."

மெட்ராஸ் எண்ணை எழுதினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினேன். அடிக்கு வந்து என் கையெழுத்தைப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு கோடு இருந்தது. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

அப்பாவின் கையெழுத்து பழைய விண்ணப்பத்தோடு வீட்டில் கிடந்தது. எந்தக் காகிதத்தையும் அச்சகத்தின் பெயர் வரை வாசிக்கிற மனுஷர், அன்றைய அவசரத்தில் இதை மறந்துவிட்டுப் போயிருந்தார். அவர் ஸ்ரீவைகுண்டத்தில். மெட்ராஸ் வண்டி இன்னும் கொஞ்ச நேரத்தில். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"என்னட்டி, என்ன போட்டிருக்கு அங்கன?"

வாசித்துக் காட்டினேன்.

"பெத்தவங்கன்னுதான போட்டிருக்கு? நான்தாம்ளா பெத்தேன்" என்றாள் அம்மா. "குடு பேனாவ."

அம்மா கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. என் ரேங்க் கார்டுகூட அப்பாவிடம்தான் போகும். பேனாவை வாங்கி, உள்ளங்கையில் வியர்வை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். கோட்டைவிட்டு ஒரு எழுத்தும் இறங்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் உறையைத் தராசில் நிறுத்து, முத்திரை குத்தி, பின்னால் கிடந்த சாக்குப்பைக்குள் எறிந்தார். அந்தப் பையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதைப் பார்த்த பிறகுதான் அம்மா நகர்ந்தாள்.

இருட்டியதும் அப்பா வந்தார். "எழுதியாச்சா? அப்படியே எழுதினியா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மாதான் பதில் சொன்னாள். "இங்கேருங்க. மொதல்ல மெட்ராஸ் போட்டிருக்கு. நான்தான் போடச் சொன்னேன். கையெழுத்தும் நான்தான் போட்டிருக்கேன்."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் தெரிந்தது. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "கையெழுத்துக்குக் கீழ தேதி போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"போட்டு என்ன? தகப்பன் கல்லுமாதிரி இருக்கும்போது தாய் கையெழுத்தா? தள்ளுபடிதான். பாத்துக்கிட்டே இரு."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விண்ணப்ப விஷயத்தில் அவர் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை. அந்த வார்த்தை என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒரே விண்ணப்பம், அதில் செல்லாத கையெழுத்து. ஜூன் முழுவதும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துகொண்டிருந்தது. அப்பா அம்மாவோடு பேசவில்லை. 'சோறு', 'தண்ணி' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அத்தை ஒருநாள் வந்து, "என்ன தம்பி, காயிதம் ஒண்ணும் வரலயா? வரலன்னா ஆவணியிலேயே வச்சிக்கிடலாமே" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "பாப்போம்க்கா" என்றார். அன்றைக்கு அம்மா சாம்பாரில் இரண்டுமுறை உப்புப் போட்டாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் பழுப்பு உறை வந்தது. ஞாயிறு போக அப்பா வீட்டில் இருந்த அபூர்வமான நாள். தபால்காரரிடம் அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டி, உறையின் ஓரத்தை நேராகக் கிழித்து, வாய்விட்டு வாசித்தார். இங்கிலீஷில் ஒருமுறை. மெட்ராஸ். நான் கேட்ட பாடம். சேர வேண்டிய தேதி. பிறகு தமிழில் வாசிக்கத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து நிறுத்திக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அப்பா கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார். அத்தனை நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசினார். "சாமி முன்னால வை."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தாம்பாளத்தில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அப்பா எட்டிப் பார்த்தார். தாள் வெள்ளையாக இருந்தது.

"மஞ்சள் வைக்கலயா?" என்றார்.

"வேண்டாம். இது வேணுங்கிற காயிதம்" என்றாள் அம்மா, அடுக்களைப் பக்கம் நடந்துகொண்டே.

அப்பா அந்த வெள்ளைத் தாளின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அம்மா போன திசையில் திரும்பிப் பார்த்தார். தன்னைவிடக் கெட்டிக்காரரான ஒரு ஆபீஸரை முதல்முறையாகப் பார்க்கிறவர்போல, எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.